வீட்டுப் பூண்டு ஏமாற்றினால்: அறிகுறி பார்த்துச் சேமிக்கும் வழிமுறை

சமவெளியில், மாடித் தொட்டியிலோ கொல்லைப்புறப் பாத்தியிலோ ஐப்பசி, கார்த்திகையில் ஊன்றிய பூண்டை மாசி, பங்குனியில் பிடுங்கும்போது எதிர்பார்த்த திரட்சி பெரும்பாலும் இருப்பதில்லை. இதற்கு வளர்த்தவரின் கவனக்குறைவு மட்டுமே காரணமன்று. பூண்டு திரள்வதற்கு முதலில் சில வாரக் குளிர்ச்சியும், அதன் பிறகு நீண்டுகொண்டே போகும் பகற்பொழுதும் தேவை. கோயம்புத்தூர், திருச்சி போன்று ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கும் ஊர்களில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. மார்கழிக் குளிரும் பூண்டுக்குப் போதுமானதாக அமைவதில்லை. மளிகைக் கடையில் வாங்கி நாம் ஊன்றும் பூண்டிலோ பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களிலிருந்து வருவது. அந்தப் பக்கத்துக் குளிர்காலத்துக்குப் பழகியது.

எனவே கையில் கிடைத்தது சிறுத்தும் வெடித்தும் ஈரமாகவும் இருந்தால், அதை எப்படிக் கெடாமல் காப்பது, எதற்குப் பயன்படுத்துவது என்பதை அறிகுறி அறிகுறியாகப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு வேலையைச் செய்ய வேண்டும். பிடுங்கிய அன்றே, மண்ணை உதறிவிட்டு, தண்ணீரில் கழுவாமல், அறுவடையை மூன்றாகப் பிரித்து வையுங்கள். தோல் முழுமையாக மூடி, அழுத்தினால் கெட்டியாக இருப்பவை ஒரு கூறு. தோல் கிழிந்தோ பல் விலகியோ இருந்தாலும் சதை நன்றாக இருப்பவை இரண்டாம் கூறு. காயம், பூச்சிக்கடி, மென்மை, நிறமாற்றம் உள்ளவை மூன்றாம் கூறு. முதல் கூறு மட்டுமே பூண்டாகவே சேமிக்கத் தக்கது; இரண்டாவதைப் பொடியாகவோ ஊறுகாயாகவோ உறைநிலைக்கோ மாற்றிவிட வேண்டும்; மூன்றாவதில் நல்ல பல் இருந்தால் அந்த வாரமே சமையலுக்குப் போக வேண்டும். குறைந்த அறுவடை முழுதும் அழிந்துபோவதற்கு நான் காணும் முதல் காரணம், இந்த மூன்றையும் ஒரே கூடையில் கொட்டி வைப்பதுதான்.

பல் பிரியாமல் ஒரே உருண்டையாக இருக்கிறது

போதிய குளிர்ச்சி கிடைக்காத பூண்டும், மிகச் சிறிய பல்லிலிருந்து முளைத்த பூண்டும், காலம் தாழ்த்தி ஊன்றிய பூண்டும் பல்லாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். இது நோயன்று, உண்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஒற்றைப்பல் பூண்டு என்று தனி விலைக்கு விற்கப்படுவதும் இதே வடிவந்தான். உரிப்பதற்கு இதைவிட எளிதான பூண்டு கிடையாது என்பதால், முழுதாகப் போடும் பூண்டுக் குழம்புக்கும் வினிகர் ஊறுகாய்க்கும் இதை ஒதுக்குவது நல்லது. உருண்டை பெரிதாக இருந்தால் நடுப்பகுதி வேகுமுன் வெளிப்புறம் கரைந்துவிடும். ஆகவே குழம்பில் இடும் முன் இரண்டாகக் கீறிக்கொள்ளுங்கள்.

இந்த உருண்டைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. கெட்டியான ஒற்றை உருண்டையை அடுத்த பருவத்தில் ஊன்றினால், குளிர்ச்சி கிடைக்கும்பட்சத்தில் அது பல் பிரிந்த முழுப்பூண்டாக வளரும். அதனால் எல்லாவற்றையும் குழம்பில் போட்டுவிடாமல், பெரியவற்றில் சிலவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

கிழங்கு இல்லை, தாள் மட்டும் செழித்திருக்கிறது

இந்த நிலையில் காத்திருப்பதால் பயனில்லை. வெயில் ஏறத் தொடங்கியதும் தாளும் காய்ந்து, அடியிலும் எதுவும் இல்லாமல் போகும். தாள் பசுமையாக இருக்கும்போதே செடியைப் பிடுங்கி, வெங்காயத்தாளைப் போலப் பயன்படுத்திவிடுங்கள். குஜராத்தில் குளிர்காலத்தில் செய்யும் உந்தியு என்ற கூட்டுக்கறிக்குப் பச்சைப் பூண்டுத்தாள் இன்றியமையாத பொருள். அங்கே இதற்காகவே பூண்டு வளர்க்கிறார்கள். நம் அடுக்களையில் அடை மாவிலும் முட்டைப் பொரியலிலும் தேங்காய்த் துவையலிலும் இது நன்றாகச் சேரும். தாளை அடுப்பில் வெகுநேரம் வைத்தால் மணம் போய்விடுமாதலால், இறக்குவதற்குச் சற்று முன்பு சேர்ப்பதே சரி. மிஞ்சியதைக் கழுவி, துணியில் ஈரம் ஒற்றி எடுத்து, பொடியாக நறுக்கி உறைபெட்டியில் வைக்கலாம். பூண்டுத்தாளை வெயிலில் காயவைத்தால் வைக்கோல் மணமே மிஞ்சும் என்பதால் அந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

தோல் வெடித்து, பற்கள் விலகி நிற்கின்றன

பூண்டை மண்ணில் அதிக நாள் விட்டுவிட்டதன் அடையாளம் இது. செடியின் ஒவ்வோர் இலையும் கீழே பூண்டைச் சுற்றி ஓர் உறையாக இறங்குகிறது. மேலே இலை காயக் காயக் கீழே உறையும் மட்கிப்போகிறது. அடி இலைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பழுத்து, மேலே நான்கைந்து இலைகள் பச்சையாக இருக்கும்போது பிடுங்கினால் நான்கைந்து உறைகள் மிஞ்சும். முழுச்செடியும் காய்ந்த பிறகு தோண்டினால் பற்களைக் கட்டிப்பிடிக்க எதுவும் இருக்காது. கடைசி நாட்களில் பெய்த மழையோ விட்ட தண்ணீரோ இதை இன்னும் விரைவாக்கும்.

வெடித்த பூண்டின் சுவையில் குறையில்லை, ஆயினும் அதன் ஆயுள் குறைவு. பல்லைச் சுற்றியுள்ள உள்தோல் கிழியாமல் இருந்தால், நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, உதிரிப் பற்களாக ஒரு மூங்கில் தட்டில் பரப்பி வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். உள்தோலும் கிழிந்து சதை தெரிந்தால் அன்றே உரித்துப் பொடிக்கோ ஊறுகாய்க்கோ உறைபெட்டிக்கோ அனுப்பிவிடுங்கள்.

கழுத்து ஈரமாக இருக்கிறது, தோல் சலசலக்கவில்லை

பூண்டு உலர்ந்ததா என்பதைத் தோலின் வெண்மையை வைத்து முடிவு செய்யக் கூடாது. வெளித்தோல் இரண்டே நாளில் காய்ந்துவிடும். ஈரம் பதுங்கியிருப்பது கழுத்தில். தாளும் பூண்டும் சேரும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். உள்ளே ஏதோ வழுக்குவதுபோல் தோன்றினாலும், அழுத்தம் கொடுத்தபோது சற்றே குளிர்ச்சி தட்டினாலும் அது இன்னும் உலரவில்லை. உலர்ந்த கழுத்து விறைத்து, சுருங்கி, குறுக்கே வெட்டும்போது சாறு காட்டாமல் சருகுபோல் நொறுங்கும்.

இதற்கான தீர்வு காற்றும் பொறுமையுமே. தாளை வெட்டாமல், ஐந்தாறு செடிகளைச் சேர்த்துக் கட்டி, மழையும் நேர் வெயிலும் படாத இடத்தில் இரண்டு முதல் மூன்று வாரம் தொங்கவிட வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இதற்கு இடமில்லையென்றால், கம்பி வலையிலோ பழைய சல்லடையிலோ ஒற்றை வரிசையாகப் பரப்பி, நாள்தோறும் சில மணி நேரம் மின்விசிறிக் காற்றுப் படும்படி வையுங்கள். உலர்ந்த பிறகுதான் தாளைக் கழுத்துக்கு மேல் 2 அல்லது 3 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். வேரையும் அப்போதே நறுக்கலாம். மண் ஒட்டிய வெளித்தோலில் ஒன்றை மட்டும் உரித்தால் பூண்டு தானே சுத்தமாகிவிடும்.

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும், புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை அந்த ஊர் உழவர்கள் கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டிப் பாதுகாக்கும் வழக்கம் உண்டு. அடுப்புப் புகையின் மிதமான சூடு மலைப்பகுதியின் ஈரக்காற்றிலும் பூண்டை உலர வைக்கிறது. புகை பூஞ்சணத்தையும் தடுக்கிறது. எரிவாயு அடுப்புள்ள வீட்டில் இதைப் போலச் செய்ய முயல வேண்டியதில்லை. சமவெளியின் பங்குனி, சித்திரைக் காற்றே போதிய அளவு உலர்ந்தது. அதைத் தடுக்காமல் விட்டால் போதும்.

உலர்ந்த முதல் கூற்றுப் பூண்டை மூடிய டப்பாவிலும் பிளாஸ்டிக் பையிலும் வைக்காதீர்கள். வலைப்பை, மூங்கில் கூடை, துளையிட்ட மண்பானை ஆகிய எதுவும் ஏற்றது. 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தில் நல்ல பூண்டு ஒன்று முதல் இரண்டு மாதம் வரை தரம் குறையாமல் இருக்கும். நம் கோடை அதற்கும் மேல் போகும் என்பதால், வீட்டிலேயே குளிர்ந்த, இருண்ட மூலையைத் தேடுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரி மிகக் கெட்ட இடம்.

பல் மஞ்சளாகி, ஒளி ஊடுருவும்படி மாறியிருக்கிறது

உரித்துப் பார்க்கும்போது பல் வெண்மை இழந்து, தேன் நிறத்தில், ஒட்டும் தன்மையுடன் இருந்தால் அது பெரும்பாலும் கிருமியால் வந்ததன்று. வெப்பத்தாலும் காற்றோட்டமின்மையாலும் வந்த சிதைவு. தொடக்கத்தில் பல்லின் மேல் சிறு மஞ்சள் குழி மட்டும் தெரியும். பிறகு பல் முழுதும் மெழுகுபோல் ஆகிவிடும். பிடுங்கிய பூண்டை நண்பகல் வெயிலில் மொட்டை மாடியில் பரப்புவதும், சாக்கில் கட்டி வைப்பதும் இதைக் கொண்டுவரும். வயலில் பூண்டு பிடுங்கும் உழவர்கள் ஒரு வரிசைப் பூண்டின் மீது அடுத்த வரிசையின் தாள் விழும்படி அடுக்குவது, கிழங்கின் மேல் நேர் வெயில் படாமல் இருப்பதற்காகத்தான்.

மெழுகான பல்லைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. அதை நீக்கிவிட்டு, அதே பூண்டில் வெள்ளையாகவும் கெட்டியாகவும் உள்ள மற்றப் பற்களை உடனே பயன்படுத்துங்கள். மிச்சப் பூண்டுகளை அன்றே நிழலுக்கும் காற்றுக்கும் மாற்றிவிடுங்கள்.

பூஞ்சணம் தெரிகிறது

இதில் நிறத்தைக் கவனிக்க வேண்டும். வெளித்தோலிலும் தோல் மடிப்புகளிலும் கரித்தூள் பூசியதுபோல் கறுப்பாக இருந்து, உரித்த பல் வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருந்தால், தோலை நீக்கிக் கையையும் பல்லையும் கழுவிவிட்டு அன்றே சமைத்துவிடலாம். ஈரமான இடத்தில் வைத்த வெங்காயத்திலும் பூண்டிலும் வரும் கறுப்புப் பூஞ்சணம் இது.

பல்லின் அடியில் நீலப்பச்சைத் தூள் திரண்டு, பல் எடை குறைந்து அமுங்கினால் அது வேறு. இந்தப் பூஞ்சணம் காயத்தின் வழியாக நுழைவது. சேமிப்பின்போது கூடை முழுதும் பரவுவது. வேர்ப்பகுதியில் வெண்மையோ இளஞ்சிவப்போ கலந்த பஞ்சு படர்ந்து அடி அழுகியிருந்தால் அது மண்ணிலிருந்தே வந்த நோய். இவ்விரண்டிலும் பாதித்த பல்லை முழுதாக எறிய வேண்டும். கெட்டியான காய்கறிகளில் பூஞ்சணம் பிடித்த இடத்தைச் சுற்றிலும் 2.5 சென்டிமீட்டர் வெட்டி நீக்கிவிட்டு மீதியை உண்ணலாம் என்பது பொதுவான உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு பல்லே அந்த அளவு இருக்காது என்பதால், பூண்டைப் பொறுத்தவரை பாதிப்பல் என்ற கணக்குக்கு இடமில்லை.

பூஞ்சணப் பூண்டை அடுக்களை மேடையில் வைத்து உடைக்காதீர்கள். வெளியே எடுத்துச் சென்று பிரித்தால், பறக்கும் வித்துகள் நல்ல பூண்டில் படியாது. மலைப்பகுதியில் தோட்டம் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அழுகிய அடிப்பகுதியில் வெண்பஞ்சுக்கு நடுவே கசகசா அளவில் கறுப்பு மணிகள் தென்பட்டால் அது வெள்ளை அழுகல் நோய்; அந்த மணிகள் மண்ணில் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கக் கூடியவை. அத்தகைய பூண்டையும் அதன் தாளையும் உரக்குழியில் போடவே கூடாது. அந்தப் பாத்தியில் வெங்காயத்தையும் பூண்டையும் மீண்டும் நடவும் கூடாது.

முளை கிளம்பிவிட்டது

முளைத்த பூண்டு நஞ்சு என்று பலர் தூக்கி எறிகிறார்கள். முளைத்த உருளைக்கிழங்கைப் பற்றிய எச்சரிக்கை பூண்டுக்குப் பொருந்தாது. நடுவிலுள்ள பச்சைக் குருத்து சற்றுக் கசக்கும். பல்லை நீளவாக்கில் கீறிக் குருத்தை நீக்கினால் மீதி வழக்கம்போல் உதவும். பல் சுருங்கி வெறும் தோலானதை மட்டும் விட்டுவிடுங்கள்.

முழுப்பூண்டைக் குளிர்பெட்டியில் வைத்ததே முளைப்புக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். பூண்டின் முளை விரைந்து வளர்வது 5 முதல் 18 டிகிரி வரையிலான குளிரில். வீட்டுக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டு ஏறத்தாழ இந்த எல்லையில்தான் இருக்கிறது. வணிகக் கிடங்குகள் பூண்டை 0 டிகிரியை ஒட்டிய குளிரில், ஈரப்பதம் குறைந்த காற்றில் வைப்பதால்தான் மாதக்கணக்கில் முளையாமல் இருக்கிறது. நம்மால் அது முடியாது. ஆகவே முழுப்பூண்டு என்றால் அறை வெப்பம், உரித்தது என்றால் உறைபெட்டி. இரண்டுக்கும் நடுவிலுள்ள காய்கறித் தட்டு முழுப்பூண்டுக்கு ஏற்ற இடமன்று.

பற்கள் மிகச் சிறியவை, உரிக்கக் கை வரவில்லை

சிறு பற்கள்தாம் இத்தகைய அறுவடையின் பெரும்பகுதி. இவற்றில் பாதியை உரிக்கவே வேண்டியதில்லை. ரசத்துக்கு மிளகு, சீரகத்துடன் தோலோடு ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுவது வழக்கமாகவே நாம் செய்வது. கறிக்குழம்புக்கும் மீன் குழம்புக்கும் தட்டிய பூண்டு தனி மணம் தரும். உரித்தே தீர வேண்டுமென்றால், வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிதுக்கினால் தோல் கழன்றுவிடும். ஆனால் அப்படி நனைத்த பூண்டு அன்றைய சமையலுக்கே ஆகும், சேமிப்புக்கு ஆகாது. சேமிப்பதற்காக உரிப்பதாயின், சில சொட்டு நல்லெண்ணெய் தடவிச் சற்று நேரம் வெயில் காட்டி, முறத்தில் போட்டுத் தேய்த்துப் புடைத்தால் தோல் பறந்துபோகும்.

மணம் பற்றி ஒரு சொல். பூண்டின் காரமணம் முழுப்பல்லில் இருப்பதில்லை. பல் நசுங்கும்போது உள்ளே தனித்தனியாக இருக்கும் ஒரு நொதியும் ஒரு கந்தகச் சேர்மமும் கலந்து அப்போதே உருவாகிறது. நொதி சூட்டில் அழிந்துவிடும். எனவே குறைந்த பூண்டில் நிறைந்த மணம் வேண்டுவோர், நறுக்கி அல்லது தட்டிப் பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு அடுப்பில் இட வேண்டும். கைப்பிடி அறுவடையை வைத்துக்கொண்டு நாட்களை ஓட்ட வேண்டியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறில்லை.

உரித்த பூண்டை எண்ணெயில் போட்டு மேடையில் வைத்திருக்கிறோம்

இந்த அறிகுறிக்கு ஒரே தீர்வு, அந்தப் பாட்டிலைச் சுவைத்துப் பார்க்காமல் அப்புறப்படுத்துவது. இதில் சற்றும் தளர்ந்துகொடுக்க முடியாது என்பதால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

மண்ணில் இயல்பாக வாழும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் மண்ணுக்குள் விளையும் பூண்டிலும் ஒட்டியிருக்கக் கூடும். காற்று உள்ள இடத்தில் அவை உறங்கிக்கிடக்கும். காற்றில்லாத, ஈரமுள்ள, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் முளைத்து, மிகக் கொடிய நஞ்சை உண்டாக்கும். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டு இந்த எல்லா நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறது: எண்ணெய் காற்றை அடைக்கிறது, பல்லுக்குள் நீர் இருக்கிறது, பூண்டின் அமிலத்தன்மை, அந்த நுண்ணுயிரியைத் தடுக்கத் தேவையான பிஎச் 4.6 (பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண்; அது குறையக் குறையப் புளிப்புக் கூடும்) என்ற எல்லையைத் தொடுவதில்லை. வித்துகள் கொதிநீரின் சூட்டையும் தாங்கும். நஞ்சு உண்டான பிறகும் மணமும் நிறமும் சுவையும் மாறாமலே இருக்கலாம். 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் பயன்படுத்திய எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டனர். 1989-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் கிங்ஸ்டனில் இதே காரணத்தால் மூவர் நோயுற்றனர். அதன் பிறகே அந்த நாட்டில் கடையில் விற்கும் எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. அத்தகைய எண்ணெயை உண்டவருக்குப் பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ ஒரு நொடியும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

எண்ணெய்ப் பூண்டு வேண்டுமென்றால் மூன்று வழிகள் உண்டு. சிறிதளவே செய்து, உடனே 4 டிகிரிக்குக் கீழுள்ள குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்ப்பது முதல் வழி. எண்ணெய் ஊற்றி அரைத்த இஞ்சி பூண்டு விழுதுக்கும் இதே கெடு பொருந்தும். விழுதை ஐஸ் தட்டின் குழிகளில் நிரப்பி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு வேண்டும்போது எடுப்பது இரண்டாவது. வீட்டுக்கு இதுவே மிகச் சிறந்தது என்பது என் எண்ணம். மணம் பனிக்கூழில் ஏறாமலிருக்கப் பையை இரட்டையாகக் கட்டுங்கள். மூன்றாவது, அமிலத்தில் ஊறவைத்தல். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை 500 மில்லி நீருக்கு 15 கிராம் வீதம் கரைத்து, 6 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் நறுக்கிய பூண்டை அதன் எடையைப் போல் மூன்று மடங்கு கரைசலில் முழுதும் மூழ்கும்படி குறைந்தது 24 மணி நேரம் ஊறவைத்து, நன்றாக வடித்த பிறகே எண்ணெயில் சேர்க்க வேண்டும். இதில் கண்ணளவு கூடாது, தராசு வேண்டும்.

ஊறுகாயில் பூண்டு நீலமாகவும் பச்சையாகவும் மாறிவிட்டது

இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் அமினோ அமிலங்களுடன் வினைபுரிந்து நிறமிகளாகின்றன. முற்றாத பூண்டிலும் குளிரில் வைத்திருந்த பூண்டிலும் இது கூடுதலாக நிகழும். செம்புப் பாத்திரம் பட்டாலும் நிறம் மாறும். வடசீனத்தில் ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாளில் பூண்டை வினிகரில் இட்டு, மரகதப் பச்சை ஏறிய பிறகே உண்பார்கள். அங்கே பச்சை ஏறாததுதான் குறை.

நிறம் பல்லுக்குள் சீராகப் பரவி, பல் கெட்டியாக இருந்தால் அது இந்த வினை. மேலே மயிர்போல் எழும்பி, தொட்டால் ஒட்டினால் அது பூஞ்சணம். பாட்டிலை முழுதும் எறிந்துவிடுங்கள். நிறம் வேண்டாமென்றால், அமிலத்தில் இடும் முன் உரித்த பற்களை இரண்டு மூன்று நிமிடம் ஆவியில் காட்டினால் நொதி அடங்கி, நிற மாற்றம் பெரிதும் குறையும்.

ஊறுகாய் நுரைக்கிறது, மூடி உப்புகிறது

நம்மூர்ப் பூண்டு ஊறுகாயைக் காப்பது எண்ணெய் என்று பலரும் எண்ணுகிறார்கள். காப்பது புளியும் எலுமிச்சைச் சாறும் வினிகரும் உப்பும். எண்ணெய் மேலே பூஞ்சணம் படியாமல் தடுக்கிறது, அவ்வளவே. நீர் கலந்ததாலோ, ஈரக் கரண்டி பட்டதாலோ, புளிப்புக் குறைந்ததாலோ நொதித்தல் தொடங்கியிருக்கும். மூடி உப்பியதையும் வாடை மாறியதையும் திரும்பச் சுட வைத்துக் காப்பாற்ற முனையாதீர்கள்.

அடுத்த முறைக்கு இரண்டு திருத்தங்கள் போதும். கடையில் கிடைக்கும் செயற்கை வினிகரில் அமிலம் பெரும்பாலும் 4 விழுக்காடே இருப்பதால், அதில் தண்ணீர் சேர்க்காமல் பூண்டு மூழ்க ஊற்றுங்கள். முழுப்பல்லின் நடுவரை புளிப்பு இறங்க நாளாகும் என்பதால், தொக்கோ ஊறுகாயோ எதுவானாலும் தொடக்கம் முதலே குளிர்பெட்டியில் வையுங்கள். சிறு அறுவடைக்குச் சிறு பாட்டில்களே நல்லவை. ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும்.

பூண்டுப்பொடி கட்டிதட்டுகிறது, பழுப்பாகிறது

கட்டி தட்டுவது ஈரம். பழுப்பு அதிகச் சூடு. பூண்டில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர் என்பதால், உரித்த 100 கிராமிலிருந்து 40 கிராமை ஒட்டியே பொடி கிடைக்கும். பற்களை 2 அல்லது 3 மில்லிமீட்டர் வில்லைகளாகச் சீராக அரிந்து, மின்உலர்த்தியில் 60 டிகிரியில் இரண்டு மணி நேரமும், பின் 54 டிகிரியில் முழுதும் காயும் வரையும் வையுங்கள். வெயிலில் காயவைப்போர் மெல்லிய துணி மூடி, மாலையில் உள்ளே எடுத்துவிட வேண்டும். வில்லையை வளைத்தால் வளையக் கூடாது. படக்கென்று ஒடிய வேண்டும். ஆறிய பிறகு வில்லையாகவே காற்றுப்புகாத பாட்டிலில் வைத்து, இட்லிப்பொடிக்கோ பருப்புப்பொடிக்கோ தேவையானதை மட்டும் அவ்வப்போது பொடியுங்கள். பாட்டிலில் வைத்த முதல் வாரத்தில் கண்ணாடியின் உட்புறம் பனித்திருந்தால் வில்லைகளை மறுபடி காயவைக்க வேண்டும்.

வதக்கினால் கசக்கிறது

சிறு பல் விரைவில் கருகும். கருகிய பூண்டு குழம்பு முழுவதையும் கசக்கச் செய்யும். எண்ணெய் சூடேறு முன்பே பூண்டை இட்டு, சிறு தீயில் பொன்னிறத்துக்கு முன்பே நிறுத்துங்கள். பச்சையாகக் கடித்தால் தாங்க முடியாத காரமுள்ள பூண்டைப் பாலில் வேகவைத்தோ, தோலோடு தணலில் சுட்டோ உண்ணலாம். இரண்டிலும் காரம் தணிந்து இனிப்புத் தட்டும்.

அடுத்த பருவத்துக்கு எதை எடுத்து வைப்பது

தின்னத் தகாததை விதைக்கு ஒதுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதனால் அடுத்த ஆண்டும் அதே அறுவடையே வரும். முதல் கூற்றிலிருந்து மிகப் பெரிய, நோயற்ற முழுப்பூண்டுகளை, பல் பிரிக்காமல் வையுங்கள். ஊன்றுவதற்கு ஆறு வாரம் முன்பு அவற்றைக் காகிதப் பையில் இட்டுக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தால், மேலே தீங்கென்று சொன்ன அதே குளிர் இங்கே நன்மையாகும். சமவெளி தராத குளிர்ச்சியைப் பூண்டு அங்கே பெற்றுக்கொள்ளும். வெளியே எடுத்த ஓரிரு நாளில் பல் பிரித்து, கூர்முனை மேலாக, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றிவிட வேண்டும். விதைப்பூண்டு மிஞ்சாதவர்கள் கடைப்பூண்டை மீண்டும் நாடாமல், கொடைக்கானல் மலைப்பகுதியிலோ நீலகிரியிலோ விளைந்த பூண்டை உழவரிடமே வாங்கி, அதையும் இதே முறையில் குளிரூட்டி ஊன்றலாம்.